வராதவர்களின் ஓட்டு

ஏஸ்லோ
16 ஜனவரி 1961

அன்புத் தம்பி எக்பெர்ட்டுக்கு,

உனக்கும் யன்னாவுக்கும் பிள்ளைகளுக்கும் புது வருஷம் நல்லபடியாகப் பிறந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே வோல்டர் அண்ணனும் நானும் கர்த்தர் தயவில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். எனக்கு மார்ச்சளி. அண்ணனுக்கு வழக்கமான முழங்கால் வலி. லூனே ஓடை கரை மீறி, அப்பா உன் பேருக்கு எழுதிய புல்வெளி கிறிஸ்துமஸிலிருந்து தண்ணீருக்கடியில் கிடக்கிறது. இப்போது அதன்மேல் பனிக்கட்டி. கனடாவில் இதைவிடக் குளிர் என்று நீ சிரிப்பாய்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். நிலத் தொகுப்புக்கு மார்ச் 21-ம் தேதி ஓட்டு வைத்துவிட்டார்கள். எல்லோருடைய துண்டுகளையும் ஒன்றாகச் சேர்த்து, ஓடையை நேராக வெட்டி, தார் ரோடு போட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரே இடத்தில் திருப்பிக் கொடுப்பார்களாம். ஆதரவாளர்களுக்குத் தலைவர் லுப்பர்ஸ். அவர் குடும்பம் இப்போது கோவிலில் அந்தப் பக்க பெஞ்சுக்கு மாறிவிட்டது. நம் பக்கத்தில் எதிர்ப்பவர்கள் மட்டும். போதகர் நடுவில் பார்த்துப் பிரசங்கம் பண்ணுகிறார்.

சட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. ஓட்டுப் போட வராதவர்கள் எல்லோரும் சம்மதித்ததாகக் கணக்கு. அண்ணன் அதைப் படித்துவிட்டுப் பேப்பரை மேஜையில் எறிந்தார்.

"அப்ப தூங்குறவன் எல்லாம் அவனுங்க கட்சியா? காய்ச்சல்ல கிடக்கிறவன்? கனடாவுல இருக்கிறவன்? நல்ல சட்டம்டா இது!"

பிறகு என்னைப் பார்த்து, "எக்பெர்ட்டுக்கு எழுது. அவனும் நிலத்துக்காரன். அவன் பேர்ல ஒரு 'வேண்டாம்' விழணும்," என்றார்.

ஆகவே இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். உன் சார்பில் ஓட்டுப் போட அண்ணனுக்கு அதிகாரம் கொடுக்கும் தாள். கையெழுத்துப் போட்டு, மார்ச் பதினைந்துக்குள் இங்கே கிடைக்கும்படி அனுப்பச் சொன்னார். இது அண்ணன் சொல்லி எழுதியது.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா
ஆல்தின்

*

ஒன்டாரியோ
2 பிப்ரவரி 1961

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மார்ச்சளியைச் சும்மா விடாதே, டாக்டரிடம் காட்டு. நாங்கள் நலம். யன்னாவுக்கு மட்டும் பல்வலி.

தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். உண்மையைச் சொல்கிறேன், அண்ணனிடம் சொல்லாதே. இங்கே நான் காலையில் டிராக்டரை ஒரு மூலையில் இறக்கினால், மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் மறு மூலைக்குப் போய்ச் சேருகிறேன். அங்கே இருபத்துமூன்று துண்டுக்கு இருபத்துமூன்று கேட்டைத் திறந்து மூடியே எனக்குப் பாதி வாலிபம் போய்விட்டது. நான் அங்கே இருந்திருந்தால் ஒருவேளை லுப்பர்ஸ் பக்கம் நின்றிருப்பேன். ஆனால் நான் அங்கே இல்லை. அந்தச் சேற்றில் நிற்பவர் அண்ணன்; அவர் வேண்டாம் என்றால் எனக்கும் வேண்டாம். அவ்வளவுதான்.

ரூலோஃப் புது டிராக்டர் மேல் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றும் உள்ளே இருக்கிறது. யன்னா எடுத்தது.

அண்ணனுக்கு என் வணக்கம். தாள் கிடைத்ததும் ஒரு வரி போடு.

அன்புடன்
எக்பெர்ட்

*

ஒன்டாரியோ
6 மார்ச் 1961

அன்புள்ள அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஒரு மாதமாகக் கடிதம் இல்லை, அதனால்தான் கேட்கிறேன். இங்கே யன்னாவின் பல்லைப் பிடுங்கியாயிற்று.

தாள் வந்ததா? நாள் நெருங்குகிறது. வரவில்லையென்றால் உடனே தந்தி கொடு. வேறொன்று எழுதி ஏர்மெயிலில் அனுப்புகிறேன்.

ரூலோஃபின் பள்ளிக்கூடத்தில் அப்பா பிறந்த ஊரின் வரைபடம் கேட்டிருக்கிறார்கள். நடுவில் மணல் மேடு, மேட்டின்மேல் கோவிலும் வீடுகளும், அதைச் சுற்றி உழவு நிலம், கீழே லூனே, அதற்கப்பால் புதர்க்காடு என்று வரைந்தேன். நம் துண்டுகளைச் சிவப்பில் அங்கங்கே தீட்டினேன். அவன் பார்த்துவிட்டு, "பெரியப்பா ஏன் இப்படிச் சிதறிப்போய்க் கிடக்கிறாரு? அவருக்கு வெடி வெச்சுட்டாங்களா?" என்கிறான். பொது நிலத்தைப் பிரித்துக் கொடுத்தது தாத்தாவின் அப்பா காலத்தில்தானே? சில துண்டுகளின் பெயர் மறந்துவிட்டது. எழுதி அனுப்பு.

எக்பெர்ட்

*

ஏஸ்லோ
26 மார்ச் 1961

அன்புத் தம்பிக்கு,

யன்னாவுக்கு வலி தீர்ந்ததில் சந்தோஷம். எனக்கும் சளி குறைந்திருக்கிறது. உன் மார்ச் மாதக் கடிதம் கிடைத்தது.

ஓட்டு முடிந்துவிட்டது. பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்தார்கள். உட்கார இடமில்லாமல் ஜன்னல் திண்டுகளிலும் ஆட்கள். எனக்கு ஓட்டு இல்லாததால் காப்பி ஊற்றும் பெண்களோடு பின்னால் நின்றேன். மாகாணத்திலிருந்து வந்த அதிகாரி பேர் பேராகப் படித்தார். வந்தவர்கள் 'சம்மதம்' அல்லது 'எதிர்ப்பு' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். யாரும் பதில் சொல்லாவிட்டால் அதிகாரி இரண்டாம் தடவை படித்துவிட்டு, "சம்மதம்" என்று தானே சொல்லி எழுதிக்கொள்வார்.

நம் அண்ணன் அத்தனை நாளும் வெசெலின் மதுக்கடையில், "என் தம்பி தாள் அனுப்புவான். கடல் தாண்டி வரும் பாருங்க ஒரு எதிர்ப்பு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பத்து நாளாகத் தபால்காரர் வரும் நேரத்துக்கு மாட்டுக்கொட்டகையிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

உன் பெயரைப் படித்தார்கள். யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடி படித்தார்கள். அண்ணன் எழுந்து நின்றார். கையில் தாள் இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதிகாரி "சம்மதம்" என்று எழுதினார். பின் வரிசையில் யாரோ, "கடல் தாண்டி வந்தது ஓட்டு இல்ல, காத்துதான்!" என்றான். சிரித்தார்கள்.

மொத்தம் 398 பேர். எதிர்ப்பு 181. வந்து சம்மதம் சொன்னவர்கள் 124தான். வராதவர்கள் 93 பேர். அவர்களைச் சேர்த்து 217 ஆக்கித் திட்டம் நிறைவேறியது என்றார்கள். வெளியே இரண்டு சைக்கிள்களை மிதித்து நொறுக்கினார்கள். வீட்டு வாசலில் மரச்செருப்பைக் கழற்றும்போது அண்ணன், "அந்த ஒரு ஓட்டு இருந்தாலும் தோத்திருப்போம். அது இல்ல விஷயம்," என்றார்.

நீ கேட்ட பெயர்கள்: கோவிலுக்குப் பின்னால் இருப்பது பாதிரி முனை. மேட்டுச் சரிவில் ஒடுக்கமாக ஓடுவது நீள்கழுத்து. புதர்க்காட்டின் ஓரம் ஊமைத் துண்டு. ஓடைக்கரையில் உன்னுடையதற்கு அடுத்தது விதவைப் புல். பொது நிலம் பிரிந்தது தாத்தாவின் அப்பா காலத்தில்தான். அப்போது நமக்கு ஐந்து துண்டு. பாகம் பிரித்துப் பிரித்து இப்படி ஆயிற்று.

ரூலோஃப் டிராக்டர் மேல் ராஜா மாதிரி இருக்கிறான். தாடை அப்படியே உன்னுடையது. பக்கத்து டிம்மர் வீட்டு மருமகளுக்கு ஆகஸ்டில் பிரசவம். வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது.

உன் அக்கா
ஆல்தின்

*

ஒன்டாரியோ
4 ஏப்ரல் 1961

அக்கா,

சுகம் விசாரிக்கக்கூட மனம் நிலைகொள்ளவில்லை. நான் தாள் அனுப்பினேன்! பிப்ரவரி இரண்டாம் தேதி, உனக்கு எழுதிய கடிதத்துக்குள்ளேயே. அது தொலைந்துபோனதா? மார்ச் கடிதத்தில் கேட்டேனே, ஏன் தந்தி கொடுக்கவில்லை?

அண்ணனுக்குத் தனியாக ஒரு கடிதம் இத்துடன் வைத்திருக்கிறேன். நான் ஏமாற்றவில்லை என்று எழுதியிருக்கிறேன். அவர் கையில் கொடு. அந்த மண்டபத்தில் அவர் எழுந்து நின்றதை நினைத்து இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

எக்பெர்ட்

*

ஏஸ்லோ
30 மே 1961

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம்தானே? நான் நலம்.

உன் கடிதத்தை அண்ணன் கையில் கொடுத்தேன். உறையைத் திருப்பி உன் பெயரைப் பார்த்தார். பிரிக்காமலே அடுப்பில் போட்டார். "ஓட்டுக்கு வராத கடுதாசி இப்ப எதுக்கு?" என்றார்.

மண் மதிப்பிடுபவர்கள் வந்துவிட்டார்கள். நீளத் துளைக்கருவியால் ஒவ்வொரு துண்டிலும் குத்தி, மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்து எண் போடுகிறார்கள். நீள்கழுத்துத் துண்டில் அளவுக்காக அடித்த முளைக்குச்சிகளை அண்ணன் பிடுங்கி ஓடையில் வீசிவிட்டார். போலீஸ்காரர் வந்து சமையலறையில் உட்கார்ந்து பேசினார். நல்ல மனிதர். "வோல்டர், நீங்க பிடுங்குறீங்க, அவங்க மறுபடி அடிக்கிறாங்க. எத்தனை நாளைக்கு?" என்றார். "முளை தீர்ற வரைக்கும்," என்றார் அண்ணன்.

தபால் சில சமயம் தவறித்தான் போகிறது.

ஆல்தின்

*

ஒன்டாரியோ
20 ஆகஸ்ட் 1961

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அடுத்த கோடையில் குடும்பத்தோடு ஊருக்கு வரலாம் என்று யன்னாவும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். ஒன்பது வருஷம் ஆயிற்று. அதற்காக உன் பழைய கடிதங்களை அவள் எடுத்துப் படித்தாள். மார்ச் கடிதத்தில் நிறுத்தி, என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். "ரூலோஃப் டிராக்டர் மேல் ராஜா மாதிரி இருக்கிறான்" என்று எழுதியிருக்கிறாய்.

அக்கா, அந்தப் படத்தை நான் ஒரே ஒரு தடவைதான் அனுப்பினேன். தாள் இருந்த அதே உறையில்.

உன்னை நான் திட்டவில்லை. நீ காரணமில்லாமல் ஒரு கரண்டியைக்கூட இடம் மாற்றுகிறவள் இல்லை. அந்தக் காரணம் எனக்குத் தெரிய வேண்டும். மற்றபடி நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

எக்பெர்ட்

*

ஏஸ்லோ
11 அக்டோபர் 1961

அன்புத் தம்பி,

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. நாலு தடவை எழுதிக் கிழித்துப்போட்டேன். அண்ணன் கிழங்கு விற்கச் சந்தைக்குப் போயிருக்கிறார். மாலைக்குள் முடித்துவிட வேண்டும்.

ஆம். உன் தாள் பிப்ரவரி பத்தாம் தேதி வந்தது. தபால்காரர் என் கையில் கொடுத்தார். நான் அதை என் துணி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அண்ணி ஃபென்னி செத்தபோது, 'பிரசவத்தில் ரத்தப்போக்கு, குழந்தையும் தங்கவில்லை' என்று உனக்கு எழுதினேன். அது பொய் இல்லை. ஆனால் பாதிதான்.

1955-ல், நம் மண் பாதைக்குச் சரளை போட்டு அகலப்படுத்த ஊர்சபை முன்வந்தது. பாதையோரம் நிலம் உள்ளவர்கள் ஆளுக்கு இரண்டு மீட்டர் விட்டுக்கொடுக்க வேண்டும். எல்லோரும் கொடுத்தார்கள். அண்ணன் மட்டும் கொடுக்கவில்லை. கொடுத்தால் அப்பா நட்ட ஆறு ஓக் மரங்களை வெட்ட வேண்டும். "அப்பா எனக்கு விட்டுட்டுப் போனத நான் ஊருக்கு அளந்து குடுக்கவா?" என்று கேட்டார். ஃபென்னி அவரிடம் எவ்வளவோ சொன்னாளாம். சரளை லுப்பர்ஸ் வேலியோடு நின்றுவிட்டது.

1957 நவம்பர். பிரசவத்துக்குத் துணையாக நான் பட்டணத்திலிருந்து வந்திருந்தேன். ஐந்து நாள் மழை. மருத்துவச்சி காலையிலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். மத்தியானம் ரத்தம் நிற்கவில்லை என்று டாக்டருக்கு ஆள் அனுப்பினோம். டாக்டர் உடனே கிளம்பினார். அவர் கார் சரளை முடியும் இடத்தில், அந்த ஓக் மரங்களுக்கு எதிரே, அச்சு வரை சேற்றில் இறங்கிவிட்டது. அண்ணன் குதிரையை ஓட்டிக்கொண்டு போனார். காரை இழுக்கக் கட்டினார். டாக்டரைக் குதிரையில் ஏற்றி அனுப்பத் தோன்றவில்லை. அவர் இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் டாக்டர் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்தார். ஒரு கிலோமீட்டருக்கு மேல், முழங்கால் தண்ணீரில். நான் எதிரே ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். வாசலில் மருத்துவச்சி நின்றிருந்தாள். "பத்து நிமிஷம் ஆச்சு," என்றாள்.

அண்ணன் அப்போதும் காரை இழுத்துக்கொண்டிருந்தார். நான் போய்ச் சொன்னேன். குதிரையை அவிழ்த்தார். அன்றிலிருந்து இந்த வீட்டில் அவள் பெயர் யார் வாயிலும் வந்ததில்லை. நான் பட்டணத்துக்குத் திரும்பவில்லை. என்னை இருக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. காலையில் அடுப்பு மூட்ட ஆள் இல்லை, மூட்டினேன்.

ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். எவரும் சொல்ல மாட்டார்கள். லுப்பர்ஸ்கூட இதைச் சொல்லி அண்ணன் வாயை அடைத்திருக்கலாம். ஒரு கூட்டத்திலும் அடைக்கவில்லை. அண்ணன் நிலத்துக்காக, ஓடைக்காக, சட்டத்தின் அநியாயத்துக்காகப் பேசுவார். அவர் சொல்வதில் தப்பு இல்லை, அந்தச் சட்டம் அநியாயம்தான். ஆனால் இப்போது ரோடு வரலாம் என்றால், அப்போதும் வந்திருக்கலாம். அதை அவரால் தாங்க முடியாது.

எனக்கும் ஒன்றைத் தாங்க முடியவில்லை. நமக்கு அப்பால் டிம்மர் வீடு, அதே பாதையில். அந்தப் பெண்ணுக்கு மூன்று மாசம் என்று பிப்ரவரியில் கோவிலில் கேள்விப்பட்டேன். அந்த வாரம்தான் உன் தாள் வந்தது. எனக்கு நிலம் இல்லை, தம்பி. ஒரு வரப்புகூட என் பெயரில் இல்லை. உன் தாளைப் பூட்டி வைத்ததுதான் நான் போட்ட ஓட்டு.

உன் எதிர்ப்பு விழுந்திருந்தாலும் திட்டம் ஜெயித்திருக்கும். அப்படியானால் நான் செய்தது எதற்கு உதவியது? உங்கள் இருவரையும் பிரித்தது, அவ்வளவுதான். அண்ணன் எழுந்து நின்றபோது காப்பிக் கெண்டி என் கையில் இருந்தது. அப்போதே கத்தியிருக்கலாம். அந்தத் திடம் எனக்கு இல்லாமல்போயிற்று.

டிம்மர் மருமகளுக்கு ஆகஸ்டில் பெண் குழந்தை. பாதை காய்ந்திருந்தது. டாக்டர் சைக்கிளில் வந்தார்.

நீ என்ன நினைத்தாலும் சரி.

ஆல்தின்

*

ஒன்டாரியோ
1 நவம்பர் 1961

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை யன்னாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் அவள் எழுந்து போய்விட்டாள். நாங்கள் உடம்பால் நலம்.

முதல் இரண்டு நாள் உன்மேல் கோபம் இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன். என் கையெழுத்தை எடுத்து நீ பூட்டி வைத்தாய். என்னை ஊர் சிரிக்க வைத்தாய். நீ எனக்கு எழுதிக் கேட்டிருந்தால் நானே உனக்காக அந்தத் தாளைக் கிழித்திருப்பேன். அதுதான் வலிக்கிறது.

மூன்றாம் நாள் வேறு யோசனை வந்தது. அண்ணனுக்கு நீ சொல்லாதே. நான்தான் அனுப்பவில்லை என்றே இருக்கட்டும். வேண்டுமானால் என் கையாலேயே எழுதுகிறேன்: மறந்துவிட்டேன், அக்கறை இல்லை, கனடாக்காரன் ஆகிவிட்டேன் என்று. அவர் என்னைத் திட்டட்டும். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சமுத்திரம் இருக்கிறது. உனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சாப்பாட்டு மேஜைதான். நீ எங்கே போவாய்?

கோடையில் வருவதை நிறுத்திவிடலாம். பிள்ளைகளுக்கு வேறு ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

பதில் எழுது. ஒரு வரி போதும்.

உன் தம்பி
எக்பெர்ட்

*

ஏஸ்லோ
18 பிப்ரவரி 1962

எக்பெர்ட்,

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று ஆல்தின் சொல்வாள். விசாரித்ததாக வைத்துக்கொள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. இது மூன்றாவது தாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜெபம் முடிந்தது. தட்டில் உருளைக்கிழங்கு வைத்தாள். பிறகு சொன்னாள்.

"அண்ணா, எக்பெர்ட் தாள் அனுப்பினான். நான்தான் குடுக்கல."

"ஏன்?" என்றேன்.

"ஃபென்னிக்காக."

நான் எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டேன். மூன்று நாள் அவளிடம் பேசவில்லை. நாலாம் நாள் பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். உன் கடிதத்தை மேஜையில் வைத்தாள், நீ பழியை ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதியதை. "அவனத் திட்டாதீங்க, அவன் ஒண்ணும் பண்ணல," என்றாள். நடந்தே பஸ்ஸுக்குப் போனாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

உன்னை வெசெல் கடையில் பல பேர் முன்னால் கேவலமாகப் பேசியிருக்கிறேன். ஆகவே நேற்று அங்கே போனேன். லுப்பர்ஸும் இருந்தான். என் தம்பி தாள் அனுப்பியிருந்தான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "அப்ப அது எங்க போச்சு?" என்று கேட்டார்கள். தபாலில் தொலைந்தது என்றேன். லுப்பர்ஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தொலையும், தொலையும்," என்றான். எனக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்.

அவளை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுத முடியாது. பொய்யாகிவிடும். அந்தத் தாளை என்னிடம் கொடுத்துவிட்டு, எனக்கு எதிராகக் கத்தியிருக்கலாம். ஆனால் நான் கேட்டிருப்பேனா என்று நீ கேட்பாய். கேட்டிருக்க மாட்டேன்.

இரண்டு மீட்டர் என்று அவள் உனக்கு எழுதியிருப்பாள். தப்பு. என்னிடம் கேட்டது ஒன்றரை மீட்டர்தான். மற்ற யாருக்கும் அது நினைவிருக்காது.

ஃபென்னி இருந்திருந்தால் இந்த வருஷம் அவளுக்கு முப்பத்தாறு வயசு.

நீ வர வேண்டாம் என்று முடிவு பண்ணியதாகப் படித்தேன். வா. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. இங்கே இடம் இருக்கிறது, இப்போது தேவைக்கு மேலேயே இருக்கிறது.

ஆல்தின் பட்டணத்தில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாளாம். டிம்மர் சொன்னான். அந்த ஈரத்தில் அவளுடைய மார்ச்சளிக்கு ஆகாது. நான் எழுதினால் அவளுக்கு உத்தரவு மாதிரி படும். நீ எழுது. வந்ததும் முதலில் அங்கே போ. நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா, அறையில் அடுப்பு இருக்கிறதா என்று பார். நான் கேட்டதாகச் சொல்லாதே.

அவளே கேட்டால் சொல்லிவிடு.

வோல்டர்